முதல் கப்பலுக்கு ரெயிலிங் வேண்டாம்

எனக்கு வேண்டியிருந்தது ஒரு ரெயிலிங். கப்பலின் ஓரத்தில் ஆள் விழுந்துவிடாமல் இருக்க இரும்புக் கம்பியில் வேலி மாதிரி நிற்குமே, அது. அதன் பக்கத்தில் ஐந்தடி ஆறங்குல ஆள் ஒருவர் நின்றால் கம்பி அவருக்கு எதுவரை வரும், கப்பல் சாயும்போது அவர் தவறி அந்தப்பக்கம் விழ முடியுமா, இல்லை கம்பிமேல் ஏறினால்தான் முடியுமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் ஐம்பத்தோரு வயதில், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மாடிக்கு ஏறிப்போய், வீட்டில் வைத்து ஒட்டிச் செய்கிற மாடல் மரக்கப்பல் கிட் இருக்கிறதா என்று கேட்டேன்.

கடைக்காரரிடம் காரணம் சொல்லவில்லை. கப்பல் செய்து பழக ஆசை என்று சொல்லிவைத்தேன். ஆசையாம் ஆசை! கப்பல் என்று யாராவது சொன்னாலே நாலு வருடமாக நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்க்கும் பல் லேபுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அந்தக் கடை. இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகள் புராஜெக்டுக்கு மோட்டாரும் பேட்டரியும் வாங்க வருவார்கள். கூரையிலிருந்து குட்டி விமானங்கள் தொங்கும். கப்பல் கிட் மூன்றே மூன்று, மேல்தட்டில் தூசி படிந்து கிடந்தன. கடைக்காரர் கோட்டைமேட்டுக்காரர், நாற்பது வயது இருக்கும். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. மேசைமேல் கிடக்கும் திருப்புளியை எடுத்து இரண்டு உருட்டு உருட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். எனக்கோ வாய் முந்தும். அன்று அந்தத் திருப்புளியைப் பிடுங்கி வைத்துவிடலாமா என்று இருந்தது.

ஸ்டூல் போட்டு ஏறி மூன்று பெட்டியையும் இறக்கித் துடைத்து வைத்தார். முதல் பெட்டியில் மூன்று பாய்மரம் கொண்ட பழைய போர்க்கப்பல். எல்லாரும் முதலில் இதன்மேல்தான் கைவைப்பார்களாம். கயிறு கட்டி முடிப்பதற்குள் வெறுத்துப்போய்ப் பரணில் தூக்கிப் போட்டுவிடுவார்களாம். அதை ஒதுக்கிவிட்டார். பிறகு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதல் கப்பலுக்குப் பாய்மரம் ஒன்றுக்கு மேல் கூடாது, இல்லாமலே இருந்தால் இன்னும் நல்லது. அடி தட்டையாக இருந்தால் பலகை வளைக்கிற கஷ்டம் பாதி குறையும். உள்ளே விலா எலும்பு மாதிரி வரும் சட்டங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே ஒட்டும் பலகை உள்வாங்கும். கையேட்டில் எழுத்தைவிடப் படம் அதிகமாக இருக்க வேண்டும். இதெல்லாம் சேர்ந்தது என்று சொல்லி மூன்றாவது பெட்டியை என் பக்கம் தள்ளினார். திறந்த மீன்பிடிப் படகு ஒன்று. தட்டை அடி, இரண்டு துடுப்பு, உட்கார மூன்று பலகை, அவ்வளவுதான்.

நான் இரண்டாவது பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் பெரிய கப்பலை இழுத்துவரும் சின்ன இழுவைக் கப்பல். பெட்டிமேல் இருந்த படத்தில் அதன் தளத்தைச் சுற்றிப் பித்தளை ரெயிலிங் மின்னியது. ஐம்பதில் ஒரு பங்கு ஸ்கேல் என்று ஓரத்தில் போட்டிருந்தது. ரெயிலிங் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதா என்று கேட்டேன்.

அவர் திருப்புளியை உருட்டினார். "இருக்குதுங்க்கா. ஆனா மொதல் கப்பலுக்கு ரெயிலிங் வேண்டாங்க்கா. அதுல கைபோச்சுன்னா மனசு உட்டுப்போயிருமுங்க."

நான் செய்வது பல் வேலை என்றும், மனிதன் பல்லுக்குக் கேப் செய்கிறவளுக்கு இந்தக் கம்பியெல்லாம் ஒரு பொருட்டா என்றும் பொரிந்து தள்ளினேன். மறுபேச்சு பேசாமல் அதையே கட்டிக்கொடுத்தார். இறங்கி வரும்போது, அடுத்த வாரம் வந்து பசை எப்படி இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். சரியென்று தலையாட்டினேன்.

பல் லேப் என்றால் பலருக்குத் தெரியாது. டாக்டர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, கெட்டியானதும் எடுத்தால், முகம் தெரியாத ஒருவரின் தாடை மேசைமேல் உட்கார்ந்திருக்கும். மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் கருவியில் மாட்டி மூடித் திறந்து பார்த்துத்தான் எந்தப் பல் எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிப்பேன். இருபத்தாறு வருடமாக அதுதான் என் பிழைப்பு. நேரே ஒருவர் வந்து வாயைத் திறந்து காட்டினால் எனக்கு ஒன்றும் புரியாது. மேசைமேல் மாடலாக வந்தால்தான் மண்டையில் ஏறும். என் வீட்டுக்காரர் கப்பலிலிருந்து கடலுக்குள் எப்படிப் போனார் என்பதும் எனக்கு அப்படித்தான் இருந்தது.

அவர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். பம்புசெட் பாகங்கள் செய்வார்கள். சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூமுக்கு நல்ல ஃபிட்டர் வேண்டும் என்று ஏஜென்ட் ஒருவர் பட்டறை பட்டறையாக வந்து ஆள் பிடித்தபோது, இவரும் போனார். ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. பன்னிரண்டு வருடம் அப்படியே ஓடியது. எங்களுக்குப் பிள்ளையில்லை. வடவள்ளியில் இரண்டாம் மாடி வீட்டில் ஒன்பது மாதமும் நான் வைத்ததுதான் சட்டம். அவர் வந்தாலோ கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விடுவார். ஆணி அடித்துச் சமையலறை டப்பாக்களை இடம் மாற்றுவார். குழாயை எல்லாம் முடுக்கி வைத்துவிடுவார், அப்புறம் எனக்குத் திறக்க வராது. பாசமில்லாமல் இல்லை. ஆனால் அவர் இல்லாத வீடு எனக்குப் பழகிப்போயிருந்தது. உண்மையைச் சொன்னால், பிடித்தும் போயிருந்தது.

கடைசியாக அவர் கூப்பிட்டபோது நான் லேபில் இருந்தேன். கையெல்லாம் மாவு. போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். ஏதோ சொல்லிச் சுற்றிவளைத்துவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"முடியல அம்மணி. அடுத்த போர்ட்டுல எறங்கி ஊட்டுக்கே வந்தர்லாம்னு இருக்கறேன்."

என்ன முடியவில்லை என்று நான் கேட்கவில்லை. உடம்புக்கா, மனசுக்கா, அங்கே யாராவது ஏதாவது சொன்னார்களா, எதையும் கேட்கவில்லை. அன்றைக்கு மாலைக்குள் மூன்று செட் அனுப்ப வேண்டியிருந்தது. "இங்க யாரும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இல்லீங்க, அங்கயே இருங்க" என்றேன். "செரி அம்மணி" என்று வைத்துவிட்டார். எங்கள் பக்கம் எதற்கும் செரிதான். கோபம் வந்தாலும் செரி, வயிறு எரிந்தாலும் செரி. நானும் அதைச் செரி என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்கு நாலாம் நாள் காலையில் அவர் வேலைக்கு வரவில்லை என்று கப்பலில் தேடியிருக்கிறார்கள். ஆள் இல்லை. கம்பெனியிலிருந்து வந்த அறிக்கையில் இரண்டு வரிதான் எனக்கு மனப்பாடம். பின்தளத்தில் ரெயிலிங் ஓரமாக அவருடைய சேஃப்டி ஷூ இரண்டும் ஜோடியாக வைக்கப்பட்டிருந்தன. ரெயிலிங்கில் எந்தச் சேதமும் இல்லை. இந்த இரண்டையும் வைத்து, அவராகவே போய்விட்டார் என்று முடிவு கட்டிவிட்டார்கள். அதைப் போனில் சொன்ன அதிகாரி மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

ஷூவைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? என் வீட்டுக்காரர் கொடுமுடியில் பிறந்தவர். செருப்புக் காலோடு ஆற்றங்கரைப் படியில் இறங்கினால் வீட்டில் அடி விழும் என்று வளர்ந்தவர். எந்தத் தண்ணீரைப் பார்த்தாலும் கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிடும். கல்யாணமான புதிதில் ராமேஸ்வரம் போனபோது, கடல் கண்ணுக்குத் தெரிந்ததுமே கொதிக்கிற மணலில் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டுக் குதித்துக் குதித்து நடந்தார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கப்பலில் சேர்ந்த புதிதில் டெக்கில் ஷூவைக் கழற்றிவிட்டு நின்றதற்காக ஆபீசரிடம் திட்டு வாங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். வேலை முடிந்து காற்றாட வந்தவர், தண்ணீரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட ஷூவைக் கழற்றியிருப்பார். அதைச் சாகப்போனதாக எழுதிவைத்திருக்கிறார்கள். நான் அந்த அதிகாரியிடம் இதைச் சொல்லிக் கத்தினேன். புரிந்ததா தெரியவில்லை.

ஆக, ஷூவைக் கழித்துவிட்டால் மிச்சம் ரெயிலிங்தான். ரெயிலிங் தாழ்வாக இருந்தால் தவறி விழுந்தார். உயரமாக இருந்தால் ஏறிக் குதித்தார். ஏறிக் குதித்திருந்தால் அவரை ஏற்றிவிட்டது என் வாய். இதைத்தான் நாலு வருடமாகக் குளிக்கும்போதும் சோறு தின்னும்போதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெட்டில் தேடினால் ஒரு மீட்டர் என்று போட்டிருந்தார்கள். சமையலறைக் கதவு நிலையில் ஒரு மீட்டருக்குப் பென்சிலால் கோடு போட்டேன். அவருடைய சட்டையை ஹேங்கரில் மாட்டி, தோள் அவர் உயரத்துக்கு வரும்படி ஆணியில் தொங்கவிட்டேன். கோடு சட்டையில் கீழிருந்து மூன்றாவது பட்டனுக்கு நேராக வந்தது. தொப்புளுக்குச் சற்று மேலே. விழ முடியுமா? முடியும்போலவும் இருந்தது, முடியாதுபோலவும் இருந்தது. கதவு நிலை ஆடாது. கப்பல் ஆடும். நானோ ஆடுகிற கப்பலில் ஒரு நாள்கூட நின்றதில்லை. சட்டையை அப்புறம் எடுக்க மனசு வரவில்லை. அதைத் தாண்டித்தான் இரண்டு மாதம் சமையலறைக்குள் போய்வந்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் தயிர் வாங்க வந்தவள், அதைப் பார்த்துவிட்டு வாசலோடு நின்றுகொண்டாள்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரரின் அண்ணன். கொடுமுடிக்குப் பக்கத்தில் மஞ்சளும் கரும்பும் போடுகிறவர். வருடம் தவறாமல் ஆடி மாதம் வந்துவிடுவார். உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப்புல்லில் ஆள் மாதிரி செய்து, எரித்து, சாம்பலைக் காவிரியில் விடுவார்கள். அதை ஆடி அமாவாசையில் செய்துவிடலாம் என்று கேட்பார். வேண்டாம் என்பேன். தாலியோடு ஊரில் நாலு பேர் முன்னால் எப்படி நடமாடுகிறாய் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, ஊர்தான் கேட்டது. ஆனால் தம்பியைச் செத்தவர் கணக்கில் சேர்க்க இவருக்கு என்ன இவ்வளவு அவசரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புல்லில் ஆள் செய்து எரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. நான் சொன்னதுதான் என் வீட்டுக்காரர் காதில் விழுந்த கடைசிச் சொல் என்று ஆகிவிடும். அதை எரிக்க முடியுமா? அந்தப் பயத்தில்தான் மூன்று தடவையும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

கிட் வாங்கியது வைகாசியில். கையேட்டில் அடிக்கட்டை, சட்டம், பலகை, தளம், கடைசியில்தான் ரெயிலிங் என்று வரிசையாக இருந்தது. நான் எதையும் மதிக்கவில்லை. தளத்துக்கான பலகையை மட்டும் எடுத்தேன். சுற்றிலும் ஓட்டை போட்டு, குட்டிக் குட்டிப் பித்தளைத் தூண்களை நட்டு, கம்பி கோத்தேன். கடைக்காரர் பயமுறுத்தியது மாதிரி ஒன்றும் கஷ்டமில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிட்டது. கப்பல் இல்லாத ஒரு ரெயிலிங் சாப்பாட்டு மேசைமேல் நின்றது.

பிறகு ஆள். லேபில் பல்செட் வடிவமைக்க ரோஸ் நிறத்தில் மெழுகு இருக்கும். அதில் கொஞ்சம் எடுத்துவந்து அவரைச் செய்தேன். ஐம்பதில் ஒரு பங்கு என்றால் மூன்று சென்டிமீட்டரும் கொஞ்சமும். மூக்கு, கண் எல்லாம் வைக்கவில்லை. ஆனால் அவருக்கு இடது தோள் சற்று இறங்கியிருக்கும், லேத்தில் நின்று நின்று வந்தது. அது மட்டும் கத்தி பட்டதும் தானாக வந்துவிட்டது. வந்ததும் மெழுகைக் கீழே வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அவரை ரெயிலிங் ஓரமாக நிறுத்தினேன். தளத்தை இரண்டு கையிலும் பிடித்துச் சாய்த்தேன். வழுக்கிப் போய்க் கம்பியில் முட்டி நின்றார். இன்னும் சாய்த்தேன். நின்றார். முதுகு காட்டி நிறுத்திச் சாய்த்தேன், பக்கவாட்டில் சாய்த்தேன், சட்டென்று உலுக்கிப் பார்த்தேன். கம்பி அவர் மார்புக்கு வந்தது. எப்படி ஆட்டினாலும் உள்ளேயேதான் விழுந்தார். தலைகீழாகக் கவிழ்த்தால் ஒழிய அந்தப்பக்கம் போகவில்லை. லேபுக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று நாள் அதையேதான் செய்தேன். கட்டின புருசனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துத் திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தேன். அவர் விழவே மாட்டேன் என்றார். அப்படியானால் ஏறித்தான் போயிருக்கிறார். மூன்றாம் நாள் மத்தியானம் தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதேன். இந்த வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அழுது ஓய்ந்தபிறகுதான் உறைத்தது. கதவு நிலையில் தொப்புளுக்கு வந்த கோடு, இங்கே எப்படி மார்புக்கு வந்தது? லேபில் பல் அளக்கும் வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். ஒரு மீட்டருக்கு இருபது மில்லிமீட்டர் இருக்க வேண்டும். இருந்தது இருபத்தாறு. ஆளை மறுபடி அளந்தேன், ஆள் சரி. ரெயிலிங்தான் தப்பு. அரை மில்லிமீட்டருக்கு டாக்டர்களோடு மல்லுக்கு நிற்கிறவள், அளக்காமல் நட்டிருக்கிறேன். பெட்டியில் ஸ்கேல் என்று அச்சடித்திருந்ததை நம்பிவிட்டேன்.

மறுநாள் அந்த ரெயிலிங்கைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து அப்போதுதான் வந்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். படியில் வைத்தே பிடித்துக்கொண்டேன். ஸ்கேல் என்று போட்டுவிட்டு இப்படி ஏமாற்றலாமா, ஒரு மனுசி இதை நம்பி எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாள் தெரியுமா என்று, ஜவுளிக்கடைக்கு வந்தவர்களெல்லாம் அண்ணாந்து பார்க்கும்படி கத்தினேன்.

அவர் என்னை உள்ளே உட்காரவைத்து, ரெயிலிங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தத் தூண்கள் இந்தக் கப்பலுக்கென்று செய்தவை இல்லையாம். நாலைந்து கிட்டுக்குப் பொதுவாக ஒரே அளவில் வார்த்துப் போட்டுவிடுவார்களாம். சரியான அளவில் செய்தால் கண்ணுக்குத் தெரியாது, ஒடிந்தும் போகும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே இருக்குமாம். பழகினவர்கள் அறுத்துக் குறைத்துக்கொள்வார்களாம். அதனால்தான் முதல் கப்பலுக்கு வேண்டாம் என்று சொன்னாராம்.

அப்புறம் திருப்புளியைத் தொடாமல் என்னைப் பார்த்தார். "இது பாக்கறதுக்குத்தானுங்க்கா. அளக்கறதுக்கு இல்லீங்க. நீங்க என்னத்தீங்க அளக்கறீங்க?"

கேட்ட விதத்தில் ஏதோ உடைந்துவிட்டது. சொன்னேன். கூடப் பிறந்தவர்களுக்கும் சொல்லாததை, பேர்கூடத் தெரியாத ஒருவரிடம், கூரையில் விமானங்கள் தொங்கும் கடையில் உட்கார்ந்து சொன்னேன். போனில் நான் பேசியதையும் சேர்த்து.  அவர் ஆறுதல் சொல்லவில்லை, நல்லவேளை. கடைசியில், ரெயிலிங்கை அறுத்துச் சரியான அளவுக்கு வைத்தாலும் அவர் போன கப்பல் இது இல்லை, அந்தக் காற்று இது இல்லை, மெழுகுக்குக் கை கிடையாது, கம்பியைப் பிடிக்கவும் தெரியாது, விடவும் தெரியாது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். எனக்கே தெரிந்ததுதான். வேறொரு வாயிலிருந்து கேட்க வேண்டியிருந்தது.

எழுந்து மேல்தட்டிலிருந்து அந்தத் திறந்த படகை இறக்கினார். இழுவைக் கப்பலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இதை எடுத்துப்போகச் சொன்னார். தளத்தில் சுற்றிலும் நான் ஓட்டை போட்டுவைத்திருப்பதைச் சொன்னேன். பரவாயில்லை என்றார்.

அந்தப் படகைச் செய்ய ஆரம்பித்தேன். பலகையை வெந்நீரில் ஊறவைத்து, விரலால் நீவி நீவி வளைத்து, சட்டத்தோடு கிளிப் போட்டு ஒட்ட வேண்டும். முதல் பலகை பிளந்தது. இரண்டாவது வளைந்தது. நிம்மதி என்று சொல்ல மாட்டேன். பசை காயும் நேரத்தில் அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளத்தான் செய்தது. மெழுகு ஆளை மட்டும் உருக்க மனமில்லாமல் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தேன்.

ஆடி பிறந்து முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் அண்ணன் வந்தார். தோட்டத்து வாழைக்காயை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர், சாப்பாட்டு மேசைமேல் பாதி பலகை ஒட்டியிருந்த படகைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதுலயா கண்ணு போனான்?"

 இல்லை, இது வேறு, சும்மா செய்கிறேன் என்றேன். ஒரு விரலால் அதன் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தார்: அமாவாசை வருகிறது, அய்யரிடம் பேசியிருக்கிறேன், உன் மனசு எப்படியோ. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஒருதரம் ஒருவரிடம் சொல்லிவிட்ட வாய் அது. அடக்கினால் அடங்கவில்லை.

"உங்க தம்பி ஊட்டுக்கு வாரேன்னுதானுங்க மாமா சொன்னாரு. நாந்தான் அங்கயே இருங்கன்னு சொல்லிப்போட்டேன்."

சொல்லிவிட்டு நின்றேன். கையில் இருந்த டம்ளரைத் தூக்கி எறிவார், என் தம்பியைக் கொன்றுவிட்டாயே என்பார், இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டார் என்று நினைத்தேன். எதற்கும் தயாராகத்தான் இருந்தேன். அவர் டம்ளரை மேசைமேல் வைத்தார். துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"என்னையுங் கேட்டான் கண்ணு" என்றார்.

தோட்டத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது போன் வந்ததாம். வந்து உங்களோடு தோட்டத்தில் இருந்துகொள்ளட்டுமா அண்ணா என்று கேட்டாராம். இருக்கிறவர்களுக்கே இங்கே சோலி இல்லை, நல்ல வேலையை விட்டுவிட்டு வந்து என்ன செய்வாய், அங்கேயே இரு என்று இவர் சொல்லியிருக்கிறார். மோட்டார் சத்தத்தில் தம்பி திரும்ப என்ன சொன்னான் என்று காதில் விழவில்லையாம். அதை என்னிடம் சொல்லத்தான் ஒவ்வொரு ஆடிக்கும் வந்தாராம். படியேறும்வரை தைரியம் இருக்குமாம், என் முகத்தைப் பார்த்ததும் அமாவாசையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவாராம்.

 ஆக, அந்த மனுசன் இரண்டு வாசலையும் தட்டியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறோம். ஐயோ என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை.

"உன்னோட என்னைக்குக் கண்ணு பேசினான்?" என்று கேட்டார்.

"புதன்கிழமைங்க மாமா. மத்தியானம்."

கீழே பார்த்தபடி இருந்தார். ஏதோ எண்ணிப் பார்க்கிறவர் மாதிரி உதடு அசைந்தது. பிறகு நிமிர்ந்தார்.

"எனக்கு வெசாழக்கெழமை கண்ணு. நாந்தான் கடைசி."

நாலு வருடமாக என் நெஞ்சுமேல் உட்கார்ந்திருந்தது சற்று நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நகர்ந்தது. அமாவாசைக்கு வருகிறேன் என்று சொன்னேன். சந்தோஷம் என்றும் சொல்லாமல், துக்கம் என்றும் சொல்லாமல் தலையாட்டிவிட்டு எழுந்தார். சாப்பிட்டுப் போகச் சொன்னேன். சாப்பிட்டுத்தான் வந்தேன் என்றார். கொடுமுடியிலிருந்து காலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தவர் எங்கே சாப்பிட்டிருப்பார்?

அவர் அப்படித்தான். கல்யாணப் பந்தியில் ஒரு இலை குறைந்தால், நான் அப்பவே சாப்பிட்டாச்சு என்று சொல்லி எழுந்துகொள்வார். பால்கனியில் நின்று பார்த்தேன். வெயிலில் தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். அவர் தெருமுனை திரும்பியபிறகுதான் எனக்கு அது தட்டுப்பட்டது. முதலில் என் நாளைக் கேட்டார். அதற்கப்புறம்தான் தன் நாளைச் சொன்னார்.